அகவிலையும் வாடகையும்: சாந்தோம் சாலையோரம் ஒரு விலைவாசி வரலாறு

சென்னை என்ற நகரம் பிறந்ததற்கே ஒரு விலைதான் காரணம் என்று சொன்னால் நம்புவது கொஞ்சம் கடினம். ஆனால் உண்மை அதுதான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, கம்பெனிக்கு ஒரு புதிய இடம் தேடிச் சோழமண்டலக் கரையோரமாக வந்தார். சாந்தோமில் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே போர்த்துகீசியர்கள் குடியேறியிருந்தார்கள். அதற்கு வடக்கே சில மைல் தள்ளி இருந்த மதராசபட்டினத்தில், மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 பங்கு மலிவாகத் துணி கிடைக்கும் என்று டே தன் மேலிடத்துக்குத் தெரிவித்தார். கப்பல் ஒதுங்கச் சரியான துறைமுகம் கூட இல்லாத அந்த மணல் திட்டில் கோட்டை எழுந்ததற்கு இந்த 20 பங்கு மலிவு ஒரு முக்கியக் காரணம்.

அன்றிலிருந்து இன்று வரை "மலிவு" என்ற சொல் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. மும்பை, டில்லி, பெங்களூரு ஆகிய ஊர்களோடு ஒப்பிட்டால் சென்னையில் கையைக் கடிக்காமல் வாழலாம் என்று வெளியூரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள் சொல்வது வழக்கம். இதில் பாதி உண்மை, பாதி உண்மையில்லை. எந்தப் பாதி உண்மை என்பதைச் சாந்தோமையும் அதைச் சுற்றியுள்ள மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, பட்டினப்பாக்கம் பகுதிகளையும் வைத்தே பார்த்துவிடலாம். சோற்றின் விலையோடு இந்த நகரம் நடத்திய சண்டை, வீட்டு வாடகையோடு அது நடத்தாமல் விட்ட சண்டை, இரண்டுமே இந்த நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

பஞ்சம் வெட்டிய கால்வாய்

சாந்தோமிலிருந்து மேற்கே நடந்து, கபாலீசுவரர் கோயிலைத் தாண்டி லஸ் பக்கம் போனால் ஒரு கறுப்புத் தண்ணீர்க் கால்வாய் வரும். பக்கிங்ஹாம் கால்வாய். அதன் மேல்தான் பறக்கும் ரயில் ஓடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறவர்களில் பலருக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது.

1876-ல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சென்னை மாகாணம் அதுவரை கண்டிராத பஞ்சத்தைக் கண்டது. இதில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த நாட்களில் சென்னைக் கடற்கரையில் தானியம் இல்லாமல் இல்லை! வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசி வந்து இறங்கியது. மூட்டைகள் கரையில் குவிந்து கிடந்தன. அவற்றை வாங்கத்தான் மக்களிடம் காசு இல்லை. விலை ஏறியது, கூலி ஏறவில்லை. சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. ஆகவே விலையைக் கட்டுப்படுத்த யாரும் கை வைக்கவில்லை. உணவு இருந்தும் அதைப் பெறும் வழி இல்லாததால் மனிதர்கள் சாகலாம் என்று அமர்த்தியா சென் 1981-ல் தன் புத்தகத்தில் விளக்கினார். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக் கடற்கரை அதைக் கண்ணெதிரே காட்டிவிட்டது.

விலையைத் தொடாத அரசு நிவாரண வேலை கொடுத்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் 1877-78-ல் அப்படி வெட்டப்பட்டதுதான். அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. அந்தக் காலத்து நிவாரணக் கூலியைச் செலவு மிச்சம் பிடிக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். நாள் முழுக்க உழைத்த ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதோடு ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டுகிற உடம்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். ஒரு மனிதன் உயிர் வாழ எவ்வளவு செலவாகும் என்று ஒரு அரசாங்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டதும், அந்தக் கணக்கு தவறு என்று ஒரு மருத்துவர் வாதாடியதும் இந்த ஊரில் நடந்தது. 'வாழ்க்கைச் செலவு' என்ற பேச்சின் ஆரம்பத்தை இங்கேதான் வைக்க வேண்டும்.

கடையைத் தாங்களே வைத்துக்கொண்டவர்கள்

பஞ்சம் போனாலும் மளிகைக் கடைக்காரரின் தராசு போகவில்லை. மாதச் சம்பளக்காரர்கள் கடனுக்குச் சாமான் வாங்குவார்கள். கடனுக்கு வாங்குகிறவன் விலையையும் கேட்க முடியாது, எடையையும் கேட்க முடியாது. கலப்படத்தைக் கேட்கவே முடியாது.

இதற்கு ஒரு வழியை 1904-ல் திருவல்லிக்கேணியில் சிலர் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், சுருக்கமாக டி.யூ.சி.எஸ். அப்போது அங்கே இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரிக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-ல் 28 தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த கடைதான் உலகம் முழுவதும் இத்தகைய சங்கங்களுக்கு முன்மாதிரி. உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட வேண்டும். மொத்தமாகச் சரக்கு வாங்கி, சரியான எடையில், கலப்படமில்லாமல் விற்க வேண்டும். லாபம் வந்தால் யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வணிகவியல் வகுப்பில் கூட்டுறவு என்ற பாடம் வரும்போது பலர் தூங்கிவிடுகிறார்கள். அந்தப் பாடத்தின் இந்திய அத்தியாயம் நம்ம ஊர்ப் பக்கத்துத் தெருவில் ஆரம்பித்தது என்று தெரிந்தால் தூக்கம் கலையலாம்!

ஆனால் இது மாதச் சம்பளம் வாங்கிய நடுத்தர வர்க்கத்தின் வழி. தினக்கூலிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிற்சங்கம் உருவானது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னணியில் நின்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நகரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. விலைவாசி என்பது வீட்டுக்குள் முணுமுணுத்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை, தெருவுக்கு வந்துவிடும் விஷயம் என்று ஆட்சியாளர்களுக்குப் புரிந்தது அப்போதுதான்.

1920-ல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு போட ஒப்புதல் கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கட்டுப்பாடு. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும் பின்னால் வந்தவை. ஒரு நகரம் தன் பிள்ளைகளின் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குடும்பத்தின் கணக்கிலிருந்து எடுத்துப் பொதுக் கணக்கில் எழுதியது அந்த ஆண்டில்தான்.

ரேஷன் கார்டும் ஒரு படி அரிசியும்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் 1942-ல் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்று போனது. சென்னையில் பலரின் தட்டில் விழுந்துகொண்டிருந்தது அந்த அரிசிதான். 1943-ல் நகரத்தில் ரேஷன் முறை வந்தது. அதே ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அட்டையின் மதிப்பு புரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் ரேஷன் தொடர்ந்தது. 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். அந்தச் சமயத்தில் அது மக்களுக்குப் பிடித்த முடிவாகத்தான் இருந்தது. வரிசையில் நின்று அலுத்தவர்களுக்கு வரிசை போனாலே போதும் என்றிருந்தது. ஆனால் 1960-களின் நடுவில் மறுபடியும் தட்டுப்பாடு. இந்திய உணவுக் கழகம் 1965-ல் தொடங்கப்பட்டபோது அதன் தலைமையகம் சென்னையில் அமைந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். அதாலும் உடனே விலை இறங்கவில்லை.

1967 தேர்தலில் தி.மு.க. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசியது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது அந்தக் காலத்தில் பட்டிதொட்டியெங்கும் தெரிந்த முழக்கம். ஒரு படி அரிசி என்றால் ஒரு கிலோவுக்கு மேல். ஆட்சி மாறியது. அண்ணா முதலமைச்சரானதும் அந்த ஆண்டு மே மாதம் ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். மாநிலம் முழுவதும் அதைக் கொண்டு போக நிதி இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு விஷயம் நிலைத்துவிட்டது. அரிசி விலையைப் பார்த்துக்கொள்ளாத கட்சி இங்கே ஆள முடியாது!

1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை. 2006-ல் கருணாநிதி ஆட்சியில் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் விலையே இல்லை. கொடி மாறியது, முதல்வர் மாறினார், அரிசியின் விலை மட்டும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. கீழே.

சாந்தோமில் ஒரு ரூபாய் இட்லி

இந்தக் கதையின் அடுத்த கட்டம் சாந்தோமிலேயே நடந்தது. 2013 பிப்ரவரி 19 அன்று ஜெயலலிதா மாநகராட்சியின் மலிவு விலை உணவகத்தைச் சாந்தோமில் திறந்து வைத்தார். பிறகு இதற்கு அம்மா உணவகம் என்று பெயர் வந்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சமைத்துப் பரிமாறியவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அந்த ஆண்டிலேயே வார்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 200 உணவகங்கள் நகரம் முழுவதும் வந்துவிட்டன.

ரேஷன் அரிசியால் மட்டும் எல்லோருடைய பிரச்சினையும் தீர்ந்துவிடாது. அரிசியைச் சமைக்க அடுப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும், அதற்கு ஒரு வீடு வேண்டும். கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவருக்கும், மேன்ஷன் அறையில் நாலு பேரோடு தங்கியிருப்பவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும் ரேஷன் அட்டை பயன்படாது. அவர்களுக்கு வேண்டியது வெந்த சோறு. 1877-ல் கடற்கரையில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தும் வாங்க வழியில்லாமல் ஆட்கள் செத்தார்கள். 2013-ல் அதே கடற்கரையை ஒட்டிய சாலையில் பையில் பத்து ரூபாய் இருந்தால் வயிறு நிறைந்தது. இந்த 136 ஆண்டுப் பயணத்தைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்க முடியாது. சென்னை மலிவான நகரம் என்ற பேச்சில் உண்மையான பாதி இதுதான். அதுவும் தானாக வந்த மலிவு இல்லை. கலகம் செய்து, சங்கம் வைத்து, ஓட்டுப் போட்டு வாங்கிய மலிவு.

'அகவிலை' என்ற சொல்

இனி மறு பாதி. அதற்கு முன் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம்.

அரசு ஊழியர்களுக்கு விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது கூடும் தொகைக்கு 'அகவிலைப்படி' என்று பெயர். பழைய ஆட்கள் 'பஞ்சப்படி' என்பார்கள். 'அகவிலை' என்றால் என்ன? அகராதியைப் புரட்டினால் 'தானியத்தின் விலை' என்று இருக்கும். 'அஃகம்' என்றால் தானியம். வெள்ளைக்காரன் காலத்தில் தானிய விலை ஏறினால் கீழ்மட்ட ஊழியர்களுக்கு ஈடுகட்ட ஒரு படி கொடுத்தார்கள். அதன் வாரிசுதான் இது. ஆக, ஒரு பஞ்சம், ஒரு தானிய விலை, இரண்டும் சேர்ந்து ஒரு சம்பளச் சீட்டில் இன்று வரை பெயராக நிற்கின்றன.

தானியத்தை வைத்து வாழ்க்கையை அளந்ததில் அப்போது தவறில்லை. ஒரு கூலிக் குடும்பத்தின் வருமானத்தில் பெரும் பங்கு வயிற்றுக்கே போன காலம் அது. சென்னை நகரத்துக்கென்று தொழிலாளர் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் ஒன்று 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரையிலான ஆண்டை 100 என்று வைத்துக் கணக்கிடப்பட்டது. ஒரு குடும்பம் என்னென்ன வாங்குகிறது என்று ஒரு கூடை. கூடையில் எதற்கு எவ்வளவு எடை என்று ஒரு பங்கு. கூடையின் மொத்த விலை ஏறினால் எண் ஏறும். இதுதான் அதன் வேலை.

இன்று தொழிலாளர் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2016. அதற்கு முன் 2001. இந்த இரண்டு கூடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கதை தெரியும். அகில இந்திய அளவில் உணவின் பங்கு சுமார் 46 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக இறங்கியது. வீட்டின் பங்கு 15 சதவீதத்திலிருந்து 17 சதவீதத்தை நெருங்கியது. மருத்துவம், கல்வி, போக்குவரத்து எல்லாம் அடங்கிய 'இதர செலவு' 23-லிருந்து 30 ஆனது. குடும்பச் செலவின் எடை அடுப்படியை விட்டு மெல்ல மெல்ல வெளியே நகர்ந்துகொண்டிருக்கிறது. பெயர் மட்டும் இன்னும் அகவிலை!

வாடகைக்கு யார் படி அளந்தது?

வாடகையைப் பற்றிச் சென்னை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. செய்தது. ஆனால் அரிசிக்குச் செய்த மாதிரி செய்யவில்லை.

1920-களில் மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் ஒரு புதிய குடியிருப்பு அமைத்தார்கள். அதுதான் தியாகராய நகர், நம்ம தி.நகர். வீடு கட்டப் பணம் உள்ளவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. 1872-லிருந்தே மயிலாப்பூரில் இந்து பெர்மனெண்ட் ஃபண்ட் போன்ற நிதி நிறுவனங்கள் நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்புக்கும் கடனுக்கும் இருந்தன. மனை வாங்கும் சக்தி இல்லாத வாடகைக்காரருக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை.

வாடகைக்காரருக்கென்று சட்டம் வந்தது போர்க்காலத்தில். 1941-ல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை. ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் 1942 ஏப்ரலில் பாதி ஊர் காலியானது வேறு கதை. போர் முடிந்ததும் போனவர்களும் திரும்பினார்கள், புதியவர்களும் வந்தார்கள். 1941-ல் 7.77 லட்சமாக இருந்த நகர மக்கள் தொகை 1951-ல் 14.16 லட்சம். நகர எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம். என்றாலும் பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1946, 1949, 1960 என்று அடுத்தடுத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள். 'நியாய வாடகை' என்ற ஒன்றை அதிகாரி நிர்ணயிப்பார், காரணமில்லாமல் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

இதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டியது. ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்குப் பாதுகாப்பு. புதிதாக வீடு தேடி வருபவருக்கோ கதவு அடைப்பு. பழைய வாடகையில் வீட்டைப் பழுது பார்க்க வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. ஒரு பொருளின் விலைக்கு உச்சவரம்பு வைத்துவிட்டு, அந்தப் பொருளை அதிகம் உற்பத்தி செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று பொருளாதாரப் பாடத்தில் முதல் ஆண்டிலேயே வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். அரிசிக்கு அரசு விலையை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. கொள்முதல் செய்தது, கிடங்கு கட்டியது, தெருத் தெருவாகக் கடை வைத்தது. வீட்டுக்கு விலையை மட்டும் கட்டுப்படுத்தியது.

1960 என்ற அதே ஆண்டில் சிங்கப்பூர் தன் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. அங்கே அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது, அடுக்குமாடிகளைக் கட்டிக்கொண்டே போனது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் எட்டுப் பேர் அந்தக் கழகம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். நம்ம ஊரிலிருந்து போன தமிழர் குடும்பங்களும் அதில் உண்டு. சிங்கப்பூர் சின்ன நாடு, அதன் ஆட்சி முறையும் வேறு. அப்படியே இங்கே செய்திருக்க முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாடகை என்பதை வீடு கட்டித்தான் இறக்க முடியும் என்ற பாடம் எல்லா ஊருக்கும் பொது.

தமிழ்நாட்டிலும் 1961-ல் வீட்டு வசதி வாரியமும் 1970-ல் குடிசை மாற்று வாரியமும் வந்தன. பட்டினப்பாக்கம், நொச்சி நகர் பகுதிகளில் கடற்கரையை ஒட்டி வாரியக் குடியிருப்புகள் எழுந்தன. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பது அந்தக் கால யோசனை. நல்ல யோசனை. நகரத்தின் தேவைக்கு அந்த வேகம் போதவில்லை.

1960 சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை போயிற்று. வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதில் ஒரு பிரிவு. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் சரி என்று அதிலேயே ஒரு வாசல்! சென்னையில் நெடுநாளாக இருக்கும் வழக்கம் பத்து மாத அட்வான்ஸ். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர் எதற்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்?

ஒரு சின்னக் கணக்கு

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கடையில் அந்த அரிசி கிலோ 50 ரூபாய் என்றால், அரசு அந்தக் குடும்பத்துக்கு மாதம் 1,000 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. அதே குடும்பம் ஒரு சந்தில் ஒற்றை அறை வீட்டுக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகை கொடுத்தால், அரிசியில் கிடைத்த மிச்சம் வாடகையில் எட்டில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டு வீட்டுக்காரர் வாடகையை 1,000 ரூபாய் ஏற்றினால் விலையில்லா அரிசியின் பலன் முழுவதும் அவர் கைக்குப் போய்விடும். முன்பணம் பத்து மாதம் என்றால் 80,000 ரூபாய் வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கும். அதைக் கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மாதச் சம்பள அரசு ஊழியருக்கு இதற்கும் ஒரு படி உண்டு. வீட்டு வாடகைப்படி. சென்னை போன்ற பெருநகரங்களில் மத்திய அரசு ஊழியர்களுக்கு அது 2024 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். மயிலாப்பூர் மாடவீதியில் பூ விற்பவருக்கும், மந்தைவெளியில் வீட்டு வேலை செய்பவருக்கும், நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவருக்கும் அகவிலைப்படியும் கிடையாது, வாடகைப்படியும் கிடையாது.

வீடு மலிந்தது, ஊர் தூரமானது

வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு 2000-க்குப் பிறகு நகரம் கண்டுபிடித்த பதில் ஒன்று உண்டு. தூரம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி 2000-ல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான வாரிய வீடுகள் எழுந்தன. ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை அங்கே குடியேற்றினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி சாந்தோமுக்குத் தெற்கே சீனிவாசபுரத்தையும் அடித்தது. கரையோரத்தில் வீடிழந்த பல குடும்பங்களும் செம்மஞ்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று.

காகிதத்தில் பார்த்தால் அந்தக் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவு குறைந்துவிட்டது. சொந்தமாக ஒரு கான்கிரீட் வீடு, மாதம் சொற்பத் தவணை. ஆனால் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர் கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளித் தூங்கினால் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? காலை ஆறு மணிக்கு மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்க வேண்டிய பெண் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? வாடகையில் மிஞ்சியது பஸ் டிக்கெட்டில் போனது. 2011 நவம்பரிலும் 2018 ஜனவரியிலும் பஸ் கட்டணம் ஏறியபோது அந்தச் சுமை இன்னும் கூடியது. வேலையை விட்டவர்கள் பலர். வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வாடகைக்கு இருந்தவர்களும் உண்டு.

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதனால் ஒரு பெண் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம் பிடிப்பதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அரிசிக்கு 1967-ல் நடந்தது பஸ்ஸுக்கு 2021-ல் நடந்திருக்கிறது. நேரத்தை மட்டும் யாராலும் இலவசமாகக் கொடுக்க முடியவில்லை. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் அதுவும் ஒரு செலவுதான். எந்தக் குறியீட்டெண் கூடையிலும் அது கிடையாது.

முடிவாக

பறக்கும் ரயில் 1997-ல் மயிலாப்பூர் வரை வந்தது. பஞ்சத்தில் அரைவயிற்றுக் கூலிக்கு வெட்டிய அதே கால்வாயின் மேல் தூண் நட்டுத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். குறைந்த கட்டணத்தில் நிறைய பேர் போகலாம். ஆனால் ரயில் நிலையம் பக்கத்தில் வந்தால் நிலத்தின் விலை ஏறும், நிலம் ஏறினால் வாடகை ஏறும். பொதுப் பணத்தில் செய்யும் நல்ல காரியத்தின் பலன் ஒரு பகுதி மனை வைத்திருப்பவரிடம் போய்ச் சேருகிறது. அரிசியும், பஸ்ஸும், ரயிலும் எவ்வளவு மலிந்தாலும், வாடகை என்ற ஓட்டை அடைபடாத வரை பானை நிரம்பாது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அரிசி விலையில் அரசு கை வைக்கக் கூடாது, அது சந்தையின் வேலை என்று படித்தவர்கள் நம்பினார்கள். இன்று அப்படி யாராவது பேசினால் ஊரே சிரிக்கும். வாடகையைப் பற்றி இன்றைக்கும் அதே பேச்சு சகஜமாக நடக்கிறது. அரிசிக்கு ஒரு கலகம், ஒரு கூட்டுறவுக் கடை, ஒரு தேர்தல் முழக்கம், ஊருக்கு ஊர் கிடங்கு என்று எல்லாம் தேவைப்பட்டன. வாடகைக்கு இதுவரை ஒரு முழக்கம் கூட வரவில்லை. வேலை இருக்கும் இடத்திலேயே, பள்ளிக்கூடம் இருக்கும் இடத்திலேயே, கடல் இருக்கும் இடத்திலேயே ஏழைகளுக்கு வீடு என்று ஒரு கட்சி சொல்லி, அதைச் செய்யவும் செய்தால்தான் சென்னை முழுதாக மலிவான நகரம் ஆகும். அதுவரை இது சாப்பாடு மலிவான நகரம், அவ்வளவுதான்.